ஒரு சொம்பு, ஒரு மில்லிமீட்டர்

வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, தங்கியது எவ்வளவு. தண்ணீரைப் பற்றி மனிதன் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த மூன்றுதான், மற்றதெல்லாம் ஆராய்ச்சி மானியம் வாங்குவதற்காக நாங்கள் சேர்த்துக்கொண்டவை என்று பேராசிரியர் தனுஷ்கோடி வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்லுவார், வருஷா வருஷம் பிள்ளைகள் அதே இடத்தில் சிரிப்பார்கள். இப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில், மனைவியின் கட்டிலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதே மூன்று கேள்விகளையும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது சிரிக்க ஆள் இல்லை. வந்தது, அவர் கையால் அளந்து ஊற்றியது. போனது, அநேகமாகச் சைபர். குழல்வாய்மொழியின் இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விருப்ப ஓய்வில் போய்விட்டன, வாரத்துக்கு மூன்று முறை இந்த இயந்திரம்தான் அவற்றின் வேலையைப் பார்க்கிறது. தங்கியது, இன்று காலை உள்ளே வரும்போது எடைமேடை காட்டியது. முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. இரண்டு மாதமாகவே போகவில்லை. அவர் கொடுப்பதைவிட அவள் உடம்பில் சேருவது அதிகமாக இருக்கிறது. போன வாரம் அது நுரையீரல் வரை ஏறி, அவள் மூச்சுக்குத் தவித்து, ஆம்புலன்ஸில் வந்து, பிழைத்தாள். அவர் கடைசியாகப் பாடம் நடத்திய மாணவிகளைவிடவும் சின்னவளான டாக்டர் இன்று வராந்தாவில் நிறுத்திச் சொல்லிவிட்டாள்: "சார், நீங்க தண்ணி புரொபசர். எங்கேருந்து வருதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். இன்னொரு தடவை இப்படி ஆனா இதயம் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். டயாலிசிஸ் முடியறதுக்குள்ள காரணம் தெரியலைன்னா வார்டுல சேர்த்துடறேன், ஆள் போட்டுக் காவல் காக்கட்டும்." காவல் என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குழலிக்கு வார்டு என்றால் எமலோகம். கதவோரம் நின்று கேட்டுவிட்டாளோ என்று அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரில் ஒட்டியிருந்த சிரிக்கும் சிறுநீரகத்தின் படத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய இடது கையில் இரண்டு ஊசிகள், இரண்டு குழாய்கள், ஒன்றில் போகும் ரத்தம் மற்றொன்றில் வருகிறது, நடுவில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. நல்ல இயந்திரம். கால்வாய் இலாகாவில் இத்தனை ஒழுங்காக ஒரு மதகு இயங்கி அவர் பார்த்ததில்லை. அந்தக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே சலசலவென்று ஓடுவது தெரியும், ஓட்டம் இருக்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், முதல் நாள் அவர் விரலோடு நிற்காமல் காதையும் வைத்துக் கேட்டார். "என்ன சொல்லுது?" என்று அவள் கேட்டாள். "கொந்தளிப்பு ஓட்டம். சீரான ஓட்டத்துக்குச் சத்தம் வராது." "அப்போ நம்ம வீட்டுல இத்தனை வருசம் சத்தம் போட்டது யாரு?" என்றாள். இப்போது அவருக்கென்று அளக்க மிச்சமிருக்கிற ஒரே ஆறு அதுதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு மாவுமில்காரர் வாய் திறந்து தூங்குகிறார், அவருடைய மைத்துனர் இந்தப் பக்கம் சாய்ந்து, "சார் குடிநீர் வாரியத்துல இருந்தீங்களாமே, எங்க தெருவுக்கு நாலு நாளா தண்ணி வரலை, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். தான் வாரியத்தில் இருந்ததில்லை, நீரியல் பேராசிரியர், மழையாக விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு போகிறது, காற்றில் எவ்வளவு போகிறது என்று கணக்கிடுகிற ஆள் என்று அவர் விளக்கினார். மைத்துனர் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, "ஆக, குழாய்க்கு வர்றது உங்க பொறுப்பு இல்லை" என்றார். இல்லை. எப்போதும் இருந்ததில்லை. வாழ்நாள் முழுக்க அவர் தண்ணீரின் பின்னால் போனாரே தவிர ஒருவருக்கும் ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்ததில்லை. பெயர் அப்படி. புயலில் கடல் கொண்டுபோன ஊரின் பெயரை, அது போவதற்கு முன்பே, அவருக்கு வைத்துவிட்டார்கள். அந்த மார்கழிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுக்கும்போது "தனுஷ்கோடி" என்றால் பின்பெஞ்சு "முங்கிருச்சு சார்" என்று பதில் சொல்லும். முங்கியதைத் தேடிப்போகிற தொழிலே வாய்த்தது.

அரிசியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? அதை அவர் பார்த்தாகிவிட்டது. சோறு ஆறியபின் நிறுத்தார், ஆறுமுன் நிறுத்தார். ரசத்தை நிறுத்தினார். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். பழமென்று எதுவும் கிடையாது. உடம்பு தானே எரித்து உண்டாக்கும் தண்ணீர் என்று ஒன்று உண்டு, ஒட்டகத்தைப் பற்றிய பாடத்தில் வரும், அதையும் சேர்த்தார். வியர்வையாகவும் மூச்சாகவும் போவதைக் கழித்தார். எடைமேடைமேல் சந்தேகப்பட்டு வீட்டில் ஒன்று வாங்கினார். இரண்டும் ஒரே மாதிரி பொய் சொன்னால் அது பொய் இல்லை என்று அவரே எத்தனை ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார். நாள் ஒன்றுக்கு முக்கால் லிட்டர், மாத்திரைக்கும் சேர்த்து, கோடு போட்ட ஒரு பாட்டிலில் காலையில் ஊற்றிவைத்து, அதிலிருந்து கரண்டியால் எடுத்துக் கொடுப்பார். வாயை ஈரப்படுத்தி மெதுவாக விழுங்கினால் தாகம் தெரியாது என்று எங்கோ படித்திருந்தார். முதல் வாரம் அவள், "நாக்கு மரக்கட்டையாட்டம் இருக்கு, ஒரே ஒரு சொம்பு, அண்ணாந்து குடிச்சுட்டு விட்டுருதேன்" என்று கேட்டாள். "பழகிடும் குழலி" என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததை அவர் பழகிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. பின் எங்கேயிருந்து வருகிறது? கண்மாயில் இப்படி நேர்ந்தால் ஊற்றுக்கண் என்பார்கள், அடியில் எங்கோ திறந்துகொண்டது என்பார்கள். மனுஷிக்கு ஊற்றுக்கண் எது? எங்கேயிருந்து வருகிறது? இயந்திரத்தின் சக்கரம் சுற்றுகிறது, எங்கேயிருந்து, எங்கேயிருந்து, ரயிலில் போகும்போது சக்கரம் நம் வாயிலிருக்கும் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு அதையே சொல்லுமே, அது மாதிரி. குழலி கண்ணை மூடியிருக்கிறாள். உதட்டில் வெடிப்பு. அவளுக்குக் கல்யாணத்தின்போதே உதடு வெடித்தது. இல்லை, கல்யாணத்தில் இல்லை, அதற்குப் பிறகு, அங்கே போனபிறகு.

அங்கே என்றால் கமுதிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை, பொட்டல், கருவேலம், ஆவியாதல் நிலையம் என்று பலகை மாட்டிய ஒரு முள்வேலி. உள்ளே வெள்ளைப் பெட்டியில் வெப்பமானிகள், மழைமானி ஒன்று (பெரும்பாலும் ஓணான் உட்காருவதற்கு), நடுவில் மரச்சட்டத்தின்மேல் வட்டமான பெரிய தகரத்தொட்டி. தொட்டி நிறையத் தண்ணீர். வெயில் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்று அளப்பதற்கு உலகம் முழுக்க இதுதான் வழி: தொட்டியில் தண்ணீர் வை, மறுநாள் காலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார், குறைந்ததை ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவா, மறுபடியும் மறுநாள். மேலே கம்பிவலை, ஏனென்றால் காக்கை குடித்துவிட்டுப் போனால் அந்தப் பழியும் சூரியன்மேல் விழும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு. உப்புத் தண்ணீர் மெதுவாக ஆவியாகும், கணக்குக் கெடும். அதனால் பரமக்குடிப் பக்கமிருந்து கல்லூரி ஜீப்பில் டிரம்மில் நல்ல தண்ணீர் வரும். டிரம் கொட்டகையில், கொட்டகைக்குப் பூட்டு, சாவி அவர் சட்டைப்பையில். தென்காசிப் பெண்ணைத் தை மாதம் கட்டிக் கூட்டிவந்து இதையெல்லாம் சுற்றிக் காட்டினார். வீட்டு வாசலில் நின்றால் அருவி இரைச்சல் கேட்கிற ஊரில் பிறந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "எங்க ஊர்ல தண்ணி விழும். உங்க ஊர்ல பறக்குதாக்கும்? பறக்கதை அளக்கதுக்கு ஒரு சம்பளமா?" பிறகு கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இதையா குடிக்கிய?" என்றாள். அவருக்கு அது தண்ணீராகத்தான் இருந்தது. அந்தச் சீமையில் பிறந்து அதைக் குடித்தே வளர்ந்த நாக்கு. டிரம்மைக் காட்டி ஏதோ கேட்டாள், அது ஆராய்ச்சித் தண்ணீர் என்று சொன்னது ஞாபகமிருக்கிறது, அதற்கு அவள், "ஆராய்ச்சிக்கு மட்டும் நல்ல தண்ணி, ஆளுக்கு உப்புத் தண்ணி, நல்லாருக்குய்யா உங்க நியாயம்" என்று சொன்னதும். அதற்கு அவர் என்ன சொன்னார்? ஏதோ சொன்னார். சிரித்தார்கள் என்று நினைக்கிறார். அந்த வயதில் எதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு அறை, கல்நார்க் கூரை, பகலில் கூரை படபடவென்று வெடிக்கும். ஆனாலும் அந்த மூன்று வருஷங்களைப் போல வேறு வருஷங்கள் வரவில்லை. பதவி வந்தது, வெளிநாட்டு மாநாடு வந்தது, மதுரையில் மாடி வீடு வந்தது, அந்த மூன்று வருஷம் வரவில்லை. சாயங்காலம் காற்று திரும்பினதும் கரைமேல் நடப்பார்கள், வறண்ட கண்மாய்க்குள் ஆட்டு மந்தை போன தடங்களை அவள் ஆறு என்று வைத்துக்கொண்டு பெயர் சூட்டுவாள். இது சிற்றாறு, இது தாமிரபரணி, இது உங்க மூக்குக்கண்ணாடி விழுந்த எடம், இதுக்கு உங்க பேரு. பிறகு வீட்டுக்கு வந்து காப்பி. காப்பியைப் பற்றி அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! தனியாளாக இருந்தபோது அங்கே அவர் போட்ட காப்பி கஷாயம் மாதிரி இருக்கும், அந்தத் தண்ணீரில் பால் திரியும், சோப்பு நுரைக்காது, பருப்பைக் காலையில் வைத்தால் சாயங்காலமும் பருப்பாகவே இருக்கும். அவள் வந்தாள், காப்பி காப்பியாயிற்று. அப்படி ஒரு மணம், அப்படி ஒரு பதம். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஜீப்பில் வந்து இறங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தப் பாலைவனத்துல இது எப்படிம்மா?" என்று கேட்டார். "அவ கைப்பக்குவம் சார்" என்று இவர்தான் முந்திக்கொண்டு சொன்னார். குழலி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்தார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் குடித்திருக்கிறார், கும்பகோணத்தில் குடித்திருக்கிறார், இந்த மதுரை வீட்டில் அதே கை போட்டுத் தினம் இரண்டு வேளை குடித்திருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. அது மாதிரி இல்லை. வயசானால் நாக்குக்கும் வயசாகிறது என்று ஒரு விளக்கம் வைத்திருந்தார். அவரிடம் எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

அங்கேதான் அவர் பெயரும் எடுத்தார். கல்யாணமான வருஷம் பங்குனியிலிருந்து தொட்டியில் தண்ணீர் வேகமாகக் குறைய ஆரம்பித்தது. சூத்திரம் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அதிகம், சில நாள் இரண்டு. வேறொருவனாக இருந்தால் தொட்டியில் ஓட்டை என்று ஈயம் வைத்து அடைத்திருப்பான். அவர் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், ஓட்டை இல்லை. வேலியைப் பார்த்தார், கதவுக்குக் கம்பிக்கொக்கி போட்டிருந்தது, ஆட்டுக்கும் நாய்க்கும் அது போதும். வலையைப் பார்த்தார், காக்கை புக முடியாது. அப்போது மேற்கேயிருந்து பொட்டலைத் தாண்டி வருகிற அனல்காற்று முகத்தில் அடித்தது. யுரேகா என்று கத்தத் தொட்டி இருந்தது, குளிக்கத்தான் தண்ணீர் போதாது. வறண்ட நிலத்தின்மேல் ஓடிவரும் காற்று சூட்டைத் தூக்கிவந்து தொட்டியில் கொட்டுகிறது, அதனால் கூடுதல் ஆவியாதல். மூன்று கோடைகால அளவுகள், வரைபடங்கள், முனைவர் பட்டம். பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாக 'தனுஷ்கோடி திருத்தம்' என்று ஏறியது. அதை நம்பி ஒன்றிரண்டு கண்மாய்களுக்குக் கரையை ஒரு சாண் உயர்த்தியே கட்டினார்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் வடக்கிலிருந்து வந்த ஒரு கிழவர் மட்டும் மூக்குப்பொடிக் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, தண்ணீர் குடிக்கக்கூடிய பிராணிகள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாவற்றையும், ஐயா. அந்த ஐயாவுக்கு ஏனோ முழுத்திருப்தி இல்லை. இரண்டாவது வருஷம் நடுக்கோடையில் கூடுதல் ஆவியாதல் சட்டென்று நின்றுபோய், மூன்று மாதம் கழித்துத் திரும்பியதை அவர் கேட்டார். மேகமூட்டம் என்று இவர் பதில் சொன்னார். அந்த மூன்று மாதம் குழலி மகன் பிறப்புக்குத் தென்காசி போயிருந்தாள். தனியாக இருந்தார். காப்பி திரிந்தது. நல்ல மேகமூட்டம்.

"சார், அம்மாவுக்கு வாய் ரொம்ப வறண்டிருக்கு பாருங்க." ஜெசிந்தா, இந்த அறையின் டெக்னீஷியன், இயந்திரத்தின் திரையைத் தட்டிவிட்டு நின்றாள். "வீட்ல கொப்பளிக்கச் சொல்லுங்கன்னு சொன்னேனே, செய்யறாங்களா?" செய்கிறாள் என்றார். ஒழுங்காகச் செய்கிறாள். அதுதான் அவள் விரும்பிச் செய்கிற ஒரே வைத்தியம், நாளுக்கு ஏழெட்டு முறை, பூஜையறைச் சின்னச் சொம்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும்போதுகூட அந்தச் சொம்பு வயர்கூடையில் வந்துவிடும், அதோ, ஸ்வெட்டருக்கு அடியில் விளிம்பு தெரிகிறது. ஜெசிந்தா அடுத்த கட்டிலுக்குப் போனாள். கொப்பளிப்பதற்கு அவர் கணக்கு வைக்கவில்லை. உள்ளே போவது வெளியே வந்துவிடும், புறக்கணிக்கத்தக்கது. புறக்கணிக்கத்தக்கது என்று கொள்க: எத்தனை தேற்றங்களை இந்த ஒரு வரியில் ஏற்றிக் கரைசேர்த்திருக்கிறார். மாணவர் யாராவது எழுதினால் சிவப்பு மையில் சுழித்து, 'யார் சொன்னது? அளந்தாயா?' என்று ஓரத்தில் எழுதுவார். யார் சொன்னது. அளந்தாயா. கொப்பளித்தால் இரண்டு சத்தம் வர வேண்டும், வாய்க்குள் உருட்டுகிற சத்தம் ஒன்று, துப்புகிற சத்தம் ஒன்று. அவர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது கேட்டது என்ன? குழாய் திறக்கிற சத்தம். சொம்பு நிறைகிற சத்தம், நிறைய நிறைய ஏறுமே ஒரு சுருதி, அது. பிறகு ஒரு மௌனம். பிறகு ஒரு சத்தம் கேட்டிருக்கிறது, மெதுவாக, க்ளுக், க்ளுக், மாடப்புறா குரல் மாதிரி. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மாடப்புறா மாதிரி. அந்தச் சத்தத்தை அவர் முன்னாலும் கேட்டிருக்கிறார், மத்தியானத்தில், கயிற்றுக்கட்டிலில், அரைத்தூக்கத்தில், கல்நார்க்கூரை வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில். வேலிப்பக்கமிருந்து. முதலில் கிணுங்கென்று கம்பிவலை நகரும். பிறகு க்ளுக், க்ளுக். இந்தப் பொட்டலில்கூட மாடப்புறா இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுப்பார். ஒரு நாள் அவளிடமே சொன்னார். "ஆமா, ஒண்ணு வருது" என்றாள். பிறகு எழுந்தால் காப்பி.

அந்தத் தொட்டியின் பரப்பு அவருக்கு இன்னும் மனப்பாடம். ஒரு சொம்பு எடுத்தால் மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கும்.

உட்கார்ந்தபடியே அவருக்கு எங்கோ இறங்குவது போலிருந்தது. முன்னாளில் காற்றில் போனதாக எழுதியது போகவில்லை, இந்நாளில் வராததாக எழுதியது வந்திருக்கிறது, இரண்டு கணக்கிலும் ஒரே ஆள். ஆளுக்கு இரண்டு முறையும் ஒரே தாகம். நடுவில் நாற்பத்துச் சொச்சம் வருஷம், தண்ணீரைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "குழலி" என்றார். "உம்." "கொப்பளிக்கிற தண்ணியை நீ துப்புறதில்லை." அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் ஏறியது. "ரெண்டு மாசம் ஆச்சாக்கும் கண்டுபிடிக்க? பெரிய புரொபசர்னு பேரு." "முழுசுமா?" "முழுசும் இல்ல. ஒரு வாய் துப்புவேன், ஒரு வாய் அதுவா உள்ளே போயிரும். தொண்டையைப் பிடிச்சுக் கட்டியா வைக்க முடியும்?" "போன வாரம் செத்துப் போயிருப்பே." "தெரியும்." இப்போது கண்ணைத் திறந்தாள். "தெரிஞ்சுதான் குடிச்சேன். நீங்க கரண்டியில ஊத்துதிய. கரண்டியில ஊத்துனா எனக்கு என்ன தோணும்? சாகக்கெடக்கவளுக்குத்தானே கரண்டியில ஊத்துவாவ. தண்ணின்னா விழணும்ங்க. மேலேருந்து விழணும்." எதற்கும் விளக்கம் வைத்திருக்கிறவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மாவுமில்காரரின் மைத்துனர் இந்தப் பக்கம் காதை வைத்திருந்தார், வைத்துக்கொள்ளட்டும். "இன்னொண்ணு கேக்கணும்." "கேளுங்க." "கமுதியில தொட்டித் தண்ணியை எடுத்தது நீதானே?" "எந்தத் தொட்டி?" என்றாள் அவள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல் வயிறு மட்டும் குலுங்கியது, பிறகு கட்டில் குலுங்கியது, ஊசி குத்திய கை மடங்கியது, இயந்திரம் கீங் கீங் என்று கத்தத் தொடங்கியது. ஜெசிந்தா ஓடிவந்து, "கையை ஆட்டாதீங்கம்மா! என்ன சார், நீங்களாவது சொல்லக்கூடாது?" என்று குழாயைச் சரிசெய்துவிட்டு, இந்த வயசில் இவர்களுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

"அந்தக் காப்பி எதுல போட்டேன்னு நெனச்சிய? கிணத்துத் தண்ணியிலயா? பருப்பு வெந்துச்சே, எப்படி வெந்துச்சாம்?" "கைப்பக்குவம்னு" என்று இவர் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு நாளைக்கு ஒரு சொம்பு. உங்க வாத்தியார் வந்தாக்க ரெண்டு." வாத்தியார் வந்த நாள்கள். வரைபடத்தில் ஊசி ஊசியாக நின்ற உச்சங்கள், ஒவ்வொன்றுக்கும் காற்றின் வேகம் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், அதற்குத்தான் அந்த வாத்தியார் காப்பியை வைத்துவிட்டுத் தோளைத் தட்டினார். "ஏன் சொல்லலை?" "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க காத்து, காத்துன்னு ஆடிக்கிட்டு வந்திய. மூஞ்சி அப்படி ஒரு வெளிச்சமா இருந்துச்சு. சரி, காத்துன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் பட்டம் வேற குடுத்துட்டாவ." "எங்கிட்டக் கேட்டிருந்தா டிரம்மைத் திறந்து கொடுத்திருப்பேனே குழலி." அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கோபம் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரல். "கேட்டேன்லா. மொத நாளே கேட்டேன். பழகிடும்னு சொன்னிய."

அதுதான். ஞாபகத்துக்கு எட்டாமல் தள்ளி நின்றுகொண்டிருந்த அந்தச் சொல். அன்றைக்குக் கொட்டகைக் கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார், முகத்தைக்கூடத் திருப்பவில்லை, பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். போன சித்திரையில் பாட்டிலில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார், அப்போதும் திருப்பவில்லை. அவர் எழுந்தார். ஜெசிந்தாவிடம் போய், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று, அறுபது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கேட்கிறவனைப் போலக் கேட்டார். "குடிக்கலாமே சார். டாக்டர்ட்டச் சொல்லிட்டு, இவ்வளவுன்னு அளவு சொன்னீங்கன்னா, எடுக்க வேண்டிய கணக்குல சேர்த்துடுவேன். உள்ளே போறதை மெஷின் வெளியே எடுத்துரும். எத்தனையோ பேர் காப்பியே குடிக்கிறாங்க. நீங்க கேட்டதே இல்லையே?" கேட்டதே இல்லை. அவள் டாக்டரைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். காரணம் தெரிந்ததா என்றாள் டாக்டர். தெரிந்தது, ஒரு வரவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன், தப்பு என்னுடையது, வார்டு வேண்டாம், இங்கே வைத்துக் கால் லிட்டர் குடிக்கக் கொடுக்கலாமா என்றார். கொடுக்கலாம், ஆனா அந்த வழியை அடைச்சாச்சா சார், உறுதியா? அவர் கட்டிலைப் பார்த்தார். எதிர்முனையில் பேசுவது குழலிக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனால் அவருடைய மூஞ்சி கேட்டிருக்கும். "வாரத்துக்கு மூணு தரம் இங்கே வச்சு அண்ணாந்து குடிக்கலாம்னா, தாழ்ப்பாளைத் திறந்தே வச்சுக்கிடுதேன்" என்றாள் அவள். "மத்த நாளைக்குக் கரண்டி கிடையாது, சொல்லிட்டேன். அதே அளவை எங்கிட்டக் குடுங்க, நான் குடிச்சுக்கிடுதேன். தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சு." அடைச்சாச்சு என்றார் போனில்.

வயர்கூடையிலிருந்து குற்றவாளிச் சொம்பை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இருந்த தண்ணீர் கேனுக்குப் போனார். திரும்பிவரும்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார், உபகரணத்தைத் தூக்கி வருவது போல, தளும்பாமல். மைத்துனர் காலை மடக்கி வழிவிட்டார். தலைமாட்டை ஜெசிந்தா உயர்த்திக் கொடுத்தாள். "எவ்வளவு சார் இருக்கு?" "அரைச் சொம்பு." "மில்லியில சொல்லுங்க சார்." "இருநூத்தம்பது." அவள் திரையைத் தட்டிச் சேர்த்தாள். குழலி வலது கையால் சொம்பை வாங்கினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், "கஞ்சம்" என்றாள், அண்ணாந்தாள். சொம்பின் விளிம்பு உதட்டில் படவில்லை. தண்ணீர் விழுந்தது. வெள்ளிக்கம்பி மாதிரி நேராக ஒரு சாணுக்கு விழுந்து வாய்க்குள் போயிற்று, கண் மூடியிருந்தது, தொண்டை ஏறி இறங்கியது, க்ளுக், க்ளுக். மாடப்புறா. அவர் இந்த முறை புரண்டு படுக்கவில்லை, கிட்டே நின்று முழுசும் கேட்டார். கொஞ்சம் தவறி முகவாயில் விழுந்து, கழுத்து வழியாக ஓடி, தலையணை உறையில் ஒரு வட்டமாகப் பரவியது. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். பொறுப்பான பெண். "கீழே சிந்தினது எவ்வளவு இருக்கும் சார்? கழிக்கணுமா?"

அவர் அந்த ஈர வட்டத்தைப் பார்த்தார். பரப்பு, உறிஞ்சும் திறன், அறையின் வெப்பம் எல்லாம் பழக்கத்தில் மனதில் ஓடின.

"வேண்டாம்மா" என்றார். "அது காத்துல போயிரும்."

கட்டில் குலுங்கத் தொடங்கியது. இயந்திரம் மறுபடியும் கத்தியது.